அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது 76. தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உரம் போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் நெடுநாளாக உண்டு. அண்மையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மகளுக்குக் கிள்ளானில் வேலை, மகனுக்குச் சிங்கப்பூரில். மருத்துவமனையில் அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் இரண்டு இல்லங்களைப் பார்த்திருக்கிறார்: ஒன்று பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் உள்ள புதிய கட்டடம், மற்றொன்று பழைய இரட்டைமாடி வீடு. எதில் பராமரிப்பு நன்றாக இருக்கும், அதை வெளியாள் ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது என்பது அவருடைய கேள்வி.

பேராக்கில் அரசாங்க மருத்துவமனை வார்டுகளில் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையிலும், இல்லங்களிலிருந்து ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய முதியோரைப் படுக்கையில் ஏற்றி உடையை மாற்றியவள் என்ற முறையிலும் சொல்கிறேன். கட்டடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அங்கே ஏற்கனவே இருக்கும் முதியவர்களின் உடம்பைப் பாருங்கள். ஓர் இல்லம் இரவில் எப்படி நடக்கிறது, ஆள் குறைந்த நாளில் எப்படி நடக்கிறது என்பதெல்லாம் அவர்களுடைய தோலிலும் வாயிலும் நகத்திலும் எழுதப்பட்டிருக்கும். உடையை மாற்றும்போது குதிகாலையும் இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் இடத்தையும் பார்த்தாலே, அந்த முதியவர் எப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பத்திர விஷயத்தை முடித்துவிடலாம். மலேசியாவில் நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ், அதாவது 506ஆம் சட்டத்தின் கீழ், சமூக நல இலாகாவில் பதிவு செய்யப்பட வேண்டும். கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இது பொருந்தும். தாதிமை மருத்துவப் பராமரிப்பு தரும் தனியார் இல்லங்களுக்கோ 1998ஆம் ஆண்டின் 586ஆம் சட்டத்தின் கீழ்ச் சுகாதார அமைச்சின் உரிமம் உண்டு. முதியோருக்கான தனியார் சுகாதாரப் பராமரிப்புக்கென்றே 802ஆம் சட்டம் 2018இல் இயற்றப்பட்டது. உங்கள் தாயாருக்கு மூக்குக் குழாயோ சிறுநீர்க் குழாயோ ஆறாத புண்ணோ இருந்தால் அவருக்குத் தேவை தாதிமைப் பராமரிப்பு. சோறும் படுக்கையும் மட்டும் போதாது. ஆகவே, "உங்கள் இல்லம் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகியிருக்கிறது, சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும், பதிவு பெற்ற தாதி யார், அவர் எந்த நேரத்தில் இருப்பார்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல இல்லத்தார் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டுவார்கள். சான்றிதழ் இருந்துவிட்டால் தரமும் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆனால் அதுகூட இல்லாத இடத்தில், ஒரு தீ விபத்து நேர்ந்தால் நடக்க முடியாதவர்களை எந்த வழியாக வெளியே கொண்டுவருவார்கள் என்பதை யாரும் வந்து சோதித்திருக்க மாட்டார்கள்.

பார்க்கப் போகும் நேரத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் எல்லோரும் குளித்துப் பவுடர் பூசி உட்கார்ந்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் போங்கள். அனுமதித்தால் இரவு ஏழு எட்டு மணிக்கும் ஒருமுறை போங்கள். சாப்பாட்டு வேளையில் ஊட்டிவிடும் பணியாளரின் கையைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு ஊட்டும்போது முதுகை நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறிய கரண்டியில் கொஞ்சமாகக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். விழுந்த பக்கத்துக் கன்னத்தில் கஞ்சி தங்கிவிடும், அது அவருக்கே தெரியாது. ஊட்டுபவர் குனிந்து பார்த்து அதை வழித்து எடுக்க வேண்டும். ஊட்டி முடித்த பின் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. இதற்கெல்லாம் ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரே பணியாளர் நான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நின்றபடியே கரண்டியைச் சுற்றில் விடுவதைக் கண்டால் அங்கே உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று கொள்ளுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல் ஆகியவை அதன் அடையாளங்கள். மூக்குக் குழாயில் பால் கொடுத்தாலும் தலைமாட்டை உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும். வாய்வழிச் சாப்பாடு இல்லாதவருக்கு வாயைச் சுத்தம் செய்ய வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வாயில் சேரும் கிருமி நிமோனியாவுக்கு வழி செய்கிறது.

படுக்கைப் புண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதை மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். பொதுவாக, தோல் சிவந்து, அழுத்திப் பார்த்தும் சிவப்பு மறையாவிட்டால் அதுவே புண்ணின் முதல் நிலை என்று சொல்லிக்கொடுப்பார்கள். நம்முடைய கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் இன்னும் கருத்தோ ஊதா நிறம் ஏறியோ இருக்கலாம். தொட்டால் சூடாகவோ குளிர்ந்தோ, கல் போலவோ மெத்தென்றோ இருக்கலாம். ஆகையால் கண்ணால் பார்த்தால் போதாது, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு; அது உள்ளே நைந்துபோன சதையை மேலும் நைத்துவிடும், வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வட்டத் தலையணையில் உட்கார வைப்பதும் கெடுதல். குதிகாலுக்கு நேராகத் தலையணை வைக்காமல் கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி வைத்தால் குதிகால் படுக்கையில் படாமல் நிற்கும். இதைச் சரியாகச் செய்யும் இல்லத்தில் மற்றதையும் சரியாகச் செய்வார்கள் என்று நான் நம்புவேன். காற்று மெத்தை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஆறுதல் அடைய வேண்டாம். மெத்தை இருந்தாலும் திருப்பிப் படுக்க வைத்தாக வேண்டும்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்பது வார்டில் நாங்கள் கடைப்பிடித்த கணக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போடுங்கள். இல்லத்தில் படுத்த படுக்கையாக 12 பேர் இருக்கிறார்கள், ஒருவரைத் திருப்பிப் பேம்பர்ஸ் மாற்றித் துடைக்க 10 நிமிடம் ஆகிறது என்றால், ஒரு சுற்று முடிய 120 நிமிடம், அதாவது முழுதாக இரண்டு மணி நேரம். இரவில் ஒரே ஒரு பணியாளர் இருந்தால் அவர் விடியும்வரை உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் ஒருவர் தண்ணீர் கேட்டாலோ கீழே விழுந்தாலோ கணக்கு உடைந்துவிடும். ஆகவே, "இரவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், படுக்கையோடு இருப்பவர்கள் எத்தனை பேர்?" என்ற ஒரே கேள்விக்கான பதில், விளம்பரத் தாளில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெறுமதியானது. பல இடங்களில் இந்த இரவு வேலையைச் செய்பவர்கள் இந்தோனேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்த இளம் பெண்கள். அவர்களுக்கு ஓய்வு நாள் உண்டா, எங்கே உறங்குகிறார்கள் என்பதையும் நான் கேட்பேன். தூக்கமில்லாத கை முதியவர்களை மென்மையாகத் தூக்காது. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

எடை ஒரு நல்ல சாட்சி. சேர்க்கும் நாளில் அம்மாவை நிறுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிற்க முடியாதவரைச் சக்கர நாற்காலியோடு நிறுத்து நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். 50 கிலோ உள்ளவருக்கு அது இரண்டரைக் கிலோதான், கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைந்துவிடுவதால் கேட்டால்தான் தண்ணீர் என்ற முறை உதவாது, எடுத்துப்போய்க் கொடுக்க வேண்டும். திடீரென்று மனம் தடுமாறிப் பேசுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்; பல நேரங்களில் தண்ணீர்க் குறைவோ சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ காரணமாக இருக்கும், எல்லாமே குணப்படுத்தக் கூடியவை.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு மற்றொரு ஆபத்து உண்டு. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரையோ கொடுத்துவிட்டு, சமையல் தாமதமாகி ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு வந்தால் இரத்தத்தில் இனிப்பு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். இளையவர்களுக்கு வேர்க்கும், நடுங்கும். முதியவர்களுக்கு வெறுமனே மயக்கமும் குழப்பமும்தான் வரக்கூடும், பேச்சு குழறும் உங்கள் தாயாரால் அதைச் சொல்லவும் முடியாது. மருந்தும் சாப்பாடும் எப்படி ஒட்டி நடக்கின்றன, இனிப்பு அளவை யார் பார்த்து எங்கே எழுதுகிறார்கள் என்று அந்தக் குறிப்பேட்டையே கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே பேனாவால் ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கும் நிரப்பிய ஏடு எப்படி இருக்கும் என்பது பார்த்தாலே தெரியும். மாத்திரைகளை எல்லாம் சேர்த்து இடித்துக் கஞ்சியில் கலப்பதும் வழக்கமாக இருக்கிறது. மெல்லக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும்படி செய்யப்பட்ட மாத்திரைகளை இடிக்கவே கூடாது. விழுங்க முடியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லி வேறு வகையாக மாற்றிக்கொள்ளலாம்.

கட்டிவைப்பதையும் தூங்க வைப்பதையும் பற்றிச் சேர்க்கும் முன்பே பேசிவிடுங்கள். ஒரு முதியவர் எனக்கு நினைவுக்கு வருகிறார். அவரும் பால் வெட்டியவர், மறதி நோய். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, நேரமாகிவிட்டது என்று கதவைத் தட்டுவார். முன்பு அவர் இருந்த இடத்தில் இதைத் தொந்தரவு என்று எண்ணித் தூக்க மருந்து கொடுத்து, கட்டிலில் கையைக் கட்டியும் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் துணி அறுத்த தழும்போடு வார்டுக்கு வந்தார். பிறகு அவரைச் சேர்த்த மற்றோர் இல்லத்தில் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கவே விட்டார்கள். பால் விடாத ஒரு கோப்பி ஓ, இரண்டு பிஸ்கட், முன்பக்கத்து விளக்கடியில் ஒரு நாற்காலி. இன்றைக்கு மழை, மரம் நனைந்திருக்கிறது, வெட்டு இல்லை என்று ஒரு பணியாளர் சொன்னால் சரி என்று உட்கார்ந்துவிடுவார். நாற்பது ஆண்டுகள் இருட்டில் எழுந்த உடம்பு அது. ஒருவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடப்பதைத்தான் நான் தரம் என்கிறேன், அதற்குப் பணம் அதிகம் தேவைப்படவில்லை. மறதி நோய் உள்ளவர்களை அடக்கி வைக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகள் பக்கவாதத்துக்கும் மரணத்துக்குமான ஆபத்தைக் கூட்டுகின்றன. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல், உங்களிடம் சொல்லாமல், எந்தத் தூக்க மருந்தும் கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழியும் பராமரிப்பின் ஒரு பகுதிதான். தோட்டத்திலேயே வாழ்ந்த நம் பாட்டிமாருக்குத் தெரிந்த மலாய் கடைத்தெருவுக்குப் போதுமானது. நோயும் மறதியும் வந்தால் அதுவும் போய்த் தமிழ் மட்டுமே மிஞ்சும். "நோவுது" என்றும் "வெளிக்கு வருது" என்றும் ஒருவர் சொல்வது புரியாமல் பணியாளர் சிரித்துவிட்டுப் போகிறார், அரை மணி கழித்துப் படுக்கை நனைந்த பிறகு அவரையே கடிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு வேலை நேரத்திலும் தமிழ் புரிந்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அம்மா வழக்கமாகச் சொல்லும் பத்துப் பன்னிரண்டு சொற்களை மலாய் எழுத்தில், பொருளோடு எழுதித் தலைமாட்டில் ஒட்டுங்கள். கூடவே, மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார், வெள்ளிக்கிழமையும் புரட்டாசியிலும் சைவம், இரசம் இல்லாமல் சோறு இறங்காது, குளிப்பாட்டப் பெண்தான் வர வேண்டும் என்பனவற்றையும் எழுதி வையுங்கள். பக்கவாதத்தில் பேச்சு குழறினாலும் கேட்பது புரியக்கூடும். அவர் முன்னிலையில் அவரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேச வேண்டாம் என்று பணியாளர்களிடமும் உறவினர்களிடமும் சொல்லுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மாதக் கட்டணத்தில் எது சேராது என்பதைக் கேட்பதுதான் முக்கியம். பேம்பர்ஸ், பால்மாவு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, உடற்பயிற்சிச் சிகிச்சை, மருத்துவமனை அப்பாயின்ட்மென்டுக்கு அழைத்துப்போகும் செலவு எல்லாம் தனியாக வந்தால் மலிவான இல்லம் விலை உயர்ந்ததைத் தாண்டிவிடும். இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள், பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு மருத்துவரின் சான்றோடு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. அரசாங்கத்தின் ரூமா செரி கெனாங்கான் இல்லங்களை, உதாரணமாகத் தைப்பிங்கில் உள்ளதை, சிலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவை 60 வயதைக் கடந்த, ஆதரவற்ற, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்களுக்கானவை. பிள்ளைகள் உள்ள, படுக்கையில் உள்ள உங்கள் தாயாருக்குப் பொருந்தாது.

நம் ஊர்களில் நல்ல உள்ளம் கொண்டவர்கள் நன்கொடையில் நடத்தும் இல்லங்களும் இருக்கின்றன. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் ஒரே நாளில் மூன்று குடும்பங்கள் பிரியாணியும் கேக்கும் கொண்டுவந்து இனிப்புநீர்க்காரர்களுக்குக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதும், மறுவாரம் பேம்பர்ஸ் இல்லாமல் துணியைச் சுற்றிவிடுவதும் எனக்கு வேதனை தருகிறது. உதவ விரும்புகிறவர்கள் என்ன குறைவு என்று முதலில் கேட்டுவிட்டு அதை வாங்கிப் போங்கள்.

சேர்த்த பிறகு உங்கள் வேலை தொடங்குகிறது. "பெற்றவளை இல்லத்தில் விட்டுவிட்டாள்" என்று பேசுபவர்கள் பேசட்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அண்டை வீட்டாரே பார்த்துக்கொண்ட காலம் லயங்களோடு போய்விட்டது, பக்கவாதம் வந்தவரைத் தனி வீட்டில் பூட்டிவிட்டு வேலைக்குப் போவது அன்பாகாது. நீங்கள் கிள்ளானிலிருந்து மாதம் இரண்டு முறைதான் வர முடியும் என்றால் ஊரில் உள்ள ஒரு சின்னம்மாவையோ பழைய தோட்டத்துத் தோழியையோ வாரத்துக்கு ஒரு முறை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் போகச் சொல்லுங்கள். வந்து போக ஆள் இருக்கும் முதியவரைப் பணியாளர்கள் அதிகம் கவனிப்பது எங்கும் உள்ள வழக்கம். போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பையும் தொட்டுப் பாருங்கள், இனிப்புநீர் உள்ளவர் என்பதால் கால்விரல் இடுக்கையும் பாருங்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் பணியாளரின் பெயரைத் தெரிந்துகொண்டு அவரிடம் நன்றி சொல்லுங்கள். அவருடைய முதலாளியிடமும் சொல்லுங்கள்.

குறை கண்டால் வாய் திறக்கப் பலர் அஞ்சுகிறார்கள். நாம் சத்தம் போட்டால் நாளைக்கு அம்மாவை வருத்திவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆகவே கோபமாகப் போகாமல் எழுத்தில் போங்கள். புண்ணைத் தேதியோடு படம் எடுத்து, என்ன செய்யப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்று பொறுப்பாளரிடம் கேட்டு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு எழுதலாம், தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியை 15999 எண்ணில் அழைக்கலாம். அடித்த காயம் என்று சந்தேகம் வந்தால் நேராகப் போலீஸ் புகார்தான். ஆனால் எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணோ, கட்டிவைத்த தழும்போ, எழுப்ப முடியாத தூக்கமோ கண்டால் கடிதத்துக்கும் மாதக் கடைசிக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அங்கே மருத்துவர் எழுதும் அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கட்டிய முன்பணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.